பனி காணாத் தோட்டமும் துயிலும் கிழங்கும்

பினாங்குத் தீவுக்குப் பனிக்காலம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகைத் தொலைவில் கிடக்கும் இத்தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்து மக்கள் உறைபனியைக் கண்ணால் கண்டதில்லை. 800 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த கொடிமலையின் உச்சியிலும் குளிர்காற்று உண்டு; உறைபனி இல்லை. ஆண்டு முழுதும் இலையும் பூவுமாக நிற்கும் இம்மண்ணில், பனிக்காலத்தில் செடிகளைக் காப்பது எப்படி என்னும் கேள்வி பொருளற்றதாகவே தோன்றும்.

ஆயினும் பினாங்கின் தாவரத் தோட்டத்து வரலாற்றைப் புரட்டினால், அது தொலைதூர நாடுகளின் பனிக்காலத்தோடு பின்னிக் கிடப்பது புலனாகும். வெப்பநாட்டுக் கிழங்குகளையும் சாடிச் செடிகளையும் குளிரில் மடியாமல் காக்க ஐரோப்பியர் கண்ட வழிகளே இத்தோட்டம் பிறக்கவும், மலாயாவில் ரப்பர் வேரூன்றவும், அந்த ரப்பரின் பின்னே ஆயிரமாயிரம் தமிழர் கடல் கடக்கவும் காரணங்களாயின. அலங்காரச் செடிகளின் கதையாகத் தொடங்குவது ஓர் இனத்தின் புலம்பெயர்வுக் கதையாக முடிகின்றது.

காந்தளின் துயில்

செடி உறங்கும் என்னும் செய்தி தமிழர்க்குப் புதிதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தோழியும் தலைவியும் குவித்த 99 மலர்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகின்றது. குறிஞ்சி நிலத்தின் அடையாளமாகவும் மகளிர் விரலுக்கு உவமையாகவும் சங்கப் புலவர் போற்றிய அம்மலரே இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குகின்றது.

காந்தள் ஆண்டு முழுதும் காட்சி தரும் கொடியன்று. மழை தொடங்கியதும் மண்ணைக் கீறி எழும்; இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி அருகிலுள்ள புதரைப் பிடித்து ஏறும்; கார்த்திகையையொட்டிப் பூக்கும். கார்த்திகைப்பூ என்னும் பெயர் அதனால் வந்தது. பின்னர்க் கொடி மஞ்சளித்து உலர்ந்து மறைந்துவிடும். செத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால், மண்ணுக்குள் கலப்பை போல் வளைந்த கிழங்கொன்று அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கும். கலப்பைக்கிழங்கு என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் உழவர் வழங்குவது இதனையே. பழைய கிழங்கு தன் உணவையெல்லாம் கொடிக்கு ஈந்து சுருங்க, அதனருகே புதிய கிழங்கு உருவாகின்றது. கிழங்கின் நுனியில் இருக்கும் முளை ஒடிந்தால் அந்நுனி மீண்டும் துளிர்ப்பதில்லை. விதைக்காக இதனைப் பயிரிடும் கொங்கு நாட்டு உழவர், பச்சிளங் குழந்தையைத் தூக்குவது போல் இக்கிழங்கைத் தூக்குவது இதனாலேயாம்.

தமிழகத்தில் காந்தள் உறங்குவது பனிக்கு அஞ்சியன்று, வறட்சிக்கு அஞ்சியே. நீர் கிட்டாத கோடையை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு மீள்வது அதன் இயல்பு. இவ்வியல்பே பின்னாளில் அதனைக் குளிர்நாடுகளில் வாழவைத்தது.

மேந்தோன்னி மெத்தோனிக்கா ஆனது

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர் கொச்சியிலும் இலங்கையிலும் ஆட்சி செலுத்தினர். கொச்சியின் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இந்நூலுக்கு மருத்துவச் செடிகளைப் பற்றிய அறிவை வழங்கியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர். அவர் 1675இல் அளித்த சான்றிதழும் நூலில் அச்சாகியுள்ளது. செடியை அறிந்த கீழைநாட்டார் ஒருவர் பெயரோடு பதிவு பெற்ற அரிய நிகழ்ச்சி அது.

அந்நூலில் காந்தள் ‘மேந்தோன்னி’ என்னும் மலையாளப் பெயரால் இடம்பெற்றது. தமிழ் பயில்வோர் இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். கன்று என்பது கன்னு என்றும், பன்றி என்பது பன்னி என்றும் திரிவது போலத் தோன்றி என்பது தோன்னி என்று திரியும். தோன்றி என்பதோ குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலேயே காணப்படும் பெயர். காந்தள் இனத்துக்கு உரையாசிரியர் காட்டும் பெயர்களுள் ஒன்று. சங்கச் சொல் மலைநாட்டு மக்கள் நாவில் அழியாமல் வாழ்ந்து, டச்சு நூலொன்றில் குடியேறியது. இலங்கையில் 1672 முதல் சில ஆண்டுகள் மருத்துவராயிருந்து, பின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பேற்ற பவுல் ஹெர்மான், 1687இல் வெளியிட்ட தோட்ட நூலில் அக்கொடியை ‘மெத்தோனிக்கா’ என்று குறித்தார். மேந்தோன்னிதான் இலத்தீன் உடை பூண்டு மெத்தோனிக்கா ஆயிற்று. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ‘குளோரியோசா சுபர்பா’ என்று பெயரிட்ட பின், அப்பழஞ்சொல் அறிவியல் வழக்கிலிருந்து உதிர்ந்தது.

பெயர் மாறினாலும் கிழங்கின் இயல்பு மாறவில்லை. ஐரோப்பியத் தோட்டக்காரர் அதன் உறக்கத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். இலையுதிர் காலத்தில் கொடி மஞ்சளித்ததும் நீர் ஊற்றுவதை நிறுத்துவர். கிழங்கைச் சாடியிலேயே உலரவிட்டோ, எடுத்து உலர்மணலில் புதைத்தோ, உறைபனி அணுகாத வெதுவெதுப்பான இடத்தில் வைப்பர். இளவேனில் நெருங்குகையில் புதுமண்ணில் நட்டு அடியிலிருந்து சூடேற்றுவர். தமிழகத்தில் வறட்சிக்கு அஞ்சி உறங்கிய கிழங்கு, அங்கே பனிக்காலம் முழுதும் உறங்கி எழுந்தது.

அடிச்சூட்டுக்கு அவர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. தோல் பதனிடுவோர் பயன்படுத்திக் கழித்த ஓக் மரப்பட்டையைக் குழிகளில் நிரப்பினால், அது நொதித்துப் பல வாரங்கள் வெப்பம் தரும். அக்குழியில் சாடிகளைப் புதைத்து அன்னாசியையும் வெப்பநாட்டு மலர்களையும் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தனர். மெக்சிகோ நாட்டு டேலியா 1789இல் ஸ்பெயினின் மாத்ரித் நகரத்தை அடைந்தபோது அதற்கும் இத்தகைய கவனம் தேவைப்பட்டது. நாளடைவில், முதற்பனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி, தண்டில் தேங்கிய நீர் வடியத் தலைகீழாகச் சில நாள் வைத்து, உலர்மணலிலோ மரத்தூளிலோ இட்டு இளவேனில்வரை காக்கும் முறை நிலைபெற்றது. குளிர்நாட்டு வீடுகளில் இன்றும் அம்முறையே வழங்குகின்றது.

கண்ணாடி வீடும் கண்ணாடிப் பெட்டியும்

உறங்கத் தெரிந்த கிழங்கைக் காப்பது எளிது. உறங்கத் தெரியாத செடியை என் செய்வது? பினாங்கு, போர்னியோ போன்ற மழைக்காட்டுப் பகுதிகளின் ஆர்க்கிடுகளுக்கும் குடுவைச் செடிகளுக்கும் பனிக்காலம் என்னும் நினைவே இல்லை. நீர் உறையும் நிலையை எட்டுமுன்னரே, 10 பாகை செல்சியசு அளவில், அவற்றுள் பல வாடத் தொடங்கிவிடும். அவற்றுக்காகப் பனிக்காலத்தையே வெளியே நிறுத்தும் வீடுகளைக் கட்ட வேண்டியதாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீராவியும் வெந்நீர்க் குழாயும் செடிவீடுகளுக்கு வந்தன. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. கியூ தோட்டத்துப் பனைவீடு 1844இல் தொடங்கி 1848இல் நிறைவுற்றது. செல்வர் மாளிகைகள்தோறும் வெப்பவீடுகள் எழுந்தன. அவற்றை நிரப்ப அரிய செடிகள் வேண்டுமென்று நாற்றங்கால் நிறுவனங்கள் உலகெங்கும் ஆள் அனுப்பின.

கடற்பயணமோ செடிகளுக்கு எமனாயிருந்தது. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றே பிழைக்கின்றது என்று 1819இல் ஜான் லிவிங்ஸ்டன் என்னும் மருத்துவர் கணக்கிட்டார். உப்புத்துளியும் வெயிலும் நன்னீர்ப் பஞ்சமும், இறுதியில் ஐரோப்பியக் கடலின் குளிரும் அவற்றைக் கொன்றன. இதற்குத் தீர்வு கண்டவர் இலண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு. 1829இல், பூச்சிக் கூடொன்றை ஈரமண்ணோடு மூடிவைத்த கண்ணாடிப் புட்டியில் பெரணியும் புல்லும் தாமே முளைத்து நிற்கக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி மீண்டும் துளியாகி மண்ணுக்கே திரும்புவதை உணர்ந்தார். 1833இல் அத்தகைய பெட்டிகளில் செடிகள் சிட்னிக்கு நலமாகச் சென்றன. அங்கிருந்து அனுப்பிய செடிகளும் வெயிலும் பனியும் கடந்து உயிரோடு இலண்டன் சேர்ந்தன. வார்டு பெட்டி என்று பெயர் பெற்ற அக்கண்ணாடிப் பேழை, செடிகளின் கப்பலறையாயிற்று.

தண்ணீர்மலை அடிவாரத்தில்

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடியேற்றிய சில ஆண்டுகளிலேயே செடி வளர்ப்பு இத்தீவின் அரசியலாயிற்று. மொலுக்காஸ் தீவுகளை ஆங்கிலேயர் 1796இல் கைப்பற்றியபின், கியூவில் பயின்ற கிறிஸ்தோபர் சுமித் என்பார் அங்கிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் திரட்டிப் பினாங்குக்கு அனுப்பினார். அவற்றுக்காக அமைந்த தோட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1822இல் தொடங்கிய இரண்டாவது தோட்டமும் 1834இல் மூடப்பட்டது. பணம் விளைவிக்காத தோட்டத்தைக் காக்க ஆட்சியாளர் விரும்பவில்லை.

மூன்றாம் முயற்சியே நிலைத்தது. 1884இல் அருவிப் பள்ளத்தாக்கில், கருங்கல் உடைத்த பழைய குவாரி நிலத்தில், தாவரத் தோட்டம் உருவாயிற்று. அதன் முதற் பொறுப்பாளர் சார்லஸ் கர்ட்டிஸ். இங்கிலாந்தின் டெவன் மாநிலத்தில் 1853இல் பிறந்த இவர், வீட்ச் என்னும் புகழ்பெற்ற நாற்றங்கால் நிறுவனத்துக்காகச் செடி தேடி மடகாஸ்கர், போர்னியோ, சுமத்திரா முதலிய இடங்களில் அலைந்தவர். ஓவியர் மேரியான் நார்த் சரவாக்கில் வரைந்த குடுவைச் செடியின் படத்தைக் கண்ட அந்நிறுவனம், அச்செடியைத் தேடிவர இவரையே அனுப்பியது. குளிர்நாட்டு வெப்பவீடுகளை நிரப்பிய கைகள், வெப்பவீடே தேவையற்ற மண்ணில் தோட்டம் அமைத்தன. 1903 வரை கர்ட்டிஸ் இங்குப் பணியாற்றினார். பினாங்குத் தீவில் இயல்பாய் வளரும் பூச்செடிகள், பெரணிகள் ஆகியவற்றின் பட்டியலை 1894இல் வெளியிட்டார்.

இங்கே அவர் எதிர்கொண்டது தலைகீழான சிக்கல். குளிர்நாட்டில் கிழங்கின் பகை பனி. பினாங்கில் அதன் பகை ஓயாத மழை. கலேடியம், குளோக்சீனியா போன்ற கிழங்குச் செடிகள் ஆண்டில் சில மாதம் ஓய்வு தேடும். அவ்வேளையில் மழை நனைத்தால் கிழங்கு அழுகும். இத்தீவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை சற்றுக் குறையும். அப்போது சாடிகளைக் கூரைக்கடியில் சாய்த்து வைத்து, நீர் காட்டாமல் ஓய்வளிப்பது இந்நிலத்துக்கு உகந்த முறை. பனிநாட்டார் வெப்பத்தைச் சேமித்துக் காத்ததைப் பினாங்குத் தோட்டக்காரர் வறட்சியைச் சேமித்துக் காத்தனர் எனலாம். தியூலிப் போன்ற மலர்களுக்கோ இதுவும் போதாது. சில வாரக் குளிர் கிட்டாமல் அவை நன்கு மலர்வதில்லை. ஆதலால் அவை இம்மண்ணுக்கு விருந்தினராகவே இருந்துவருகின்றன.

தோட்டமும் ஒருமுறை மடிய இருந்தது. நகரின் குடிநீருக்காக அதனையே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் 1910இல் எழுந்தது. பின்னர் அது கைவிடப்பட்டு 1912இல் தோட்டம் மீண்டது. இப்பள்ளத்தாக்கைத் தமிழ் மக்கள் தண்ணீர்மலை என்றே அழைத்து வருகின்றனர். அருவியோரத்தில் அவர்கள் வழிபட்ட முருகன் கோயிலும் நீர்த்தேக்கப் பணிகளின் பொருட்டு இடம் மாற நேர்ந்தது. இன்று குன்றின்மேல், 2012இல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறித் தைப்பூசத்தன்று மக்கள் செல்கின்றனர். குறிஞ்சிக் கடவுளின் மலையடியில் குறிஞ்சி மலர்க்குரிய மண்ணும் அமைந்திருப்பது தமிழர்க்குத் தற்செயலாகத் தோன்றாது.

இருபத்திரண்டு கன்றுகள் கழித்த பனிக்காலம்

செடியைப் பனியிலிருந்து காக்கும் கலை, பூவோடு நின்றிருந்தால் தமிழர் வரலாறு வேறாயிருக்கும்.

1876 ஜூன் மாதம் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். எண்ணெய்ச் சத்துள்ள அவ்விதை விரைவில் கெட்டுவிடுவது. கியூவின் வெப்பவீடுகளில் விதைத்தவற்றுள் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. ஆகஸ்டில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. அவ்வாண்டு சிங்கப்பூருக்கு அனுப்பியவை பிழைக்கவில்லை. மறு ஆண்டு, 1877 ஜூன் மாதத்தில், கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இவ்விரு நாள்களுக்கும் இடையே ஓர் ஆங்கிலப் பனிக்காலம் கழிந்திருந்தது. வெளியே பனி கொட்டியபோது, வெந்நீர்க் குழாய்களின் சூட்டில், சாடிகளில் நின்று உயிர் தாங்கியவை அக்கன்றுகள்.

அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலாகங்சாரில் ஹியூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. மலாயா ரப்பர்த் தோட்டங்களின் மூலங்களுள் இவ்வரவே முதன்மையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் சக்கரம் சுழல, ரப்பரின் விலை ஏறியது. காடு வெட்டவும் பால் சீவவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுள் மிகப் பலர் முதலில் கண்ட மலாயாக் கரை பினாங்கே. ஜெரெஜாக் தீவின் தனிமை முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். நோயில்லை எனத் தெரிந்தபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கு ஓர் ஒப்புமை நெஞ்சை உறுத்துகின்றது. ரப்பர்க் கன்றுக்குக் கண்ணாடிப் பேழையும் அளந்த ஈரமும் காத்த வெப்பமும் கிடைத்தன. அக்கன்றை வளர்க்க வந்த மனிதனுக்குக் கிடைத்தது கப்பலின் மேல்தட்டும் தோட்டத்து லயத்தின் ஓரறையும். எந்தக் கன்று எந்நாளில் வந்தது என்பதற்குப் பதிவேடு உண்டு. அதற்கு நீரூற்றியவர்களுள் பெரும்பாலோர் பெயர் வரலாற்று நூல்களில் இல்லை. இட்டி அச்சுதனுக்கு 1675இல் கிடைத்த ஒரு பக்கம்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் லயத்து வாசலில் அவர்கள் வளர்த்த முருங்கையும் கறிவேப்பிலையும் துளசியும் மல்லிகையும், எந்தக் கண்ணாடிப் பேழையும் இன்றி இம்மண்ணில் வேரூன்றிய செடிகள். தாவரத் தோட்டத்து ஏடுகள் சொல்லாத குடியேற்ற வரலாற்றை அவை சொல்லும்.

இரு போர்களும் இரு தோட்டங்களும்

செடிகாப்புக் கலையின் வலிமையின்மையை இரு போர்கள் காட்டின. இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை எழுப்பிய மாபெரும் கண்ணாடி வீடு, எட்டுக் கொதிகலன்களால் சூடேற்றப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் அதற்கு நிலக்கரி கிட்டவில்லை. வெப்பநாட்டுச் செடிகள் பனியில் மடிந்தன. வெறுமையாய் நின்ற வீட்டை 1920இல் வெடிவைத்துத் தகர்த்தனர். தலைமுறைகள் வளர்த்ததை அழிக்கச் சில பனிக்காலங்கள் போதுமாயிருந்தன.

பினாங்கின் பனிக்காலம் 1941 டிசம்பரில் வந்தது. சப்பானியர் குண்டுவீச்சில் ஜார்ஜ் டவுன் சிதைந்தது. 1945 வரை நீடித்த ஆட்சியில் அரிசி கிட்டாத மலாயா மக்கள், வீட்டு முற்றம் முதல் வெற்றுநிலம் வரை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிழைத்தனர். அழகுக்காகக் கிழங்கு காத்த காலம் போய், கிழங்கே மனிதனைக் காத்த காலம் அது. அந்நாளைக் கண்ட முதியோர் பின்னாளில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே முகம் திருப்பியதும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதன் காரணம் புரியாமல் நின்றதும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறிந்த செய்தி.

மிலாரின் நிழலில்

பனிக்காப்புக் கலை கண்ணாடியையும் நிலக்கரியையும் மட்டும் நம்பியதன்று என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்றுண்டு. கியூவிலிருந்து வந்த மெக்கைவர் 1848 முதல் உருவாக்கிய உதகை தாவரவியல் தோட்டத்தில், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அப்போது தோட்டத் தொழிலாளர் மிலார் என்னும் மலைச்செடியின் கிளைகளை வெட்டிவந்து, மென்மையான நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கூரைபோல் மூடுகின்றனர். கதிரவன் எழுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். மே மாத மலர்க்காட்சியில் மக்கள் வியக்கும் மலர்கள், அக்கிளைகளின் நிழலில் தை மாதத்தைக் கடந்தவை. பெருஞ்செலவின்றி, மலையே தந்த பொருளால் மலைப்பனியை வெல்லும் அறிவு அது.

இவ்வரலாறு முழுதையும் நோக்கின் ஓருண்மை தெளிவாகும். காத்தல் என்பது எப்போதும் ஊட்டிக்கொண்டே இருப்பதன்று. உறங்கும் கிழங்குக்கு நீர் ஊற்றினால் அது அழுகும். உறங்கத் தெரியாத செடியை நீரின்றி விட்டால் அது மடியும். எச்செடி எந்நிலத்தது, அதன் ஓய்வு எது, பகை எது என்று அறிந்து செய்வதே காப்பு. அவ்வறிவைச் சேர்த்தவர்களுள் சிலர் பெயரால் செடிகள் அழைக்கப்படுகின்றன. மற்றையோர் பெயர்கள் மறைந்தன.

தண்ணீர்மலைக்குச் செல்லும் தமிழாசிரியர், மாணவரைக் கோயிலோடு திருப்பி அழைத்து வராமல், அருகிலுள்ள தாவரத் தோட்டத்துக்கும் இட்டுச் செல்லலாம். செடிகளின் பெயர்ப்பலகையில் இலத்தீன் பெயரைப் படிக்கும் மாணவன், அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்பானாயின், அங்கே ஒரு பாடம் தொடங்கும். தோன்றி என்னும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் குறிஞ்சிப்பாட்டின் அடியொன்றில் உறங்கிக் கிடக்கின்றது. அதன் முளை இன்னும் ஒடியவில்லை.